ஒடியற்கூழ் என்ன விநோதப் பண்டமா?

யாழ்ப்பாணத்துக் கண்காட்சிகளிலே ஒடியற்கூழ், பினாட்டு, புழுக்கொடியல் முதலியவற்றை ‘அரிய உணவுகள்’ என்று அறிவித்து விற்பது வழக்கமாகிவிட்டது. வருபவர் ஒரு வாய் சுவைத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார். இதற்குப் பெயர் பாரம்பரியத்தைப் பேணுதலாம்!

இவற்றில் எது அரியது? பனங்களியைப் பாயிலே ஊற்றி வெயிலிற் காயவைத்தால் பினாட்டு. பனங்கொட்டையைப் பாத்தியிலே புதைத்தால் கிழங்கு. அதைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பஞ்ச காலத்துக்கென்று எம் முன்னோர் சேமித்த உணவுகள் இவை. 1990களின் பொருளாதாரத் தடையை வடக்கிலே அனுபவித்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நாம் செய்தது என்ன? ஒடியற்பிட்டை ஏழை வீட்டு உணவென்று ஒதுக்கிவிட்டு, இறக்குமதிக் கோதுமையை நம்பினோம். 2022இல் நாட்டில் டொலர் வற்றி, பாணின் விலை எகிறியபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். பனைகளோ எங்கள் வளவுகளிலேயே நின்றன.

ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பு நீரை வடித்தெடுக்க யாருக்கு நேரமிருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அத்தகைய வேலைகளை இலகுவாக்குவதற்கன்றோ 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன?

பாடசாலை, வைத்தியசாலைச் சிற்றுண்டிச்சாலைகளிலே வாரத்தில் ஒரு நாளாவது ஒடியற்பிட்டு விற்கப்படட்டும். வாங்குவோர் பெருகினால் கிழங்குப் பாத்திகளும் பெருகும். கிழங்கு கிழிக்கும் பெண்களுக்கு ஆண்டுதோறும் வருமானம் கிடைக்கும். நம் வீட்டு அடுப்பில் ஏறாத கூழைக் கண்காட்சியிலே ஊருக்கு ஊற்றிக் கொடுத்துப் பெருமைப்படுவது வெறும் வேடிக்கை.