குளிர்கடல் மீனும் ஐயப்பன்தாங்கல் வெயிலும்

இந்த முறை எழுத எடுத்துக் கொண்டது மீன் தொட்டி.

எங்கள் வகுப்பில் மீன் வளர்க்கும் கோஷ்டி ஒன்று இருக்கிறது. கப்பி, ஃபைட்டர், கோல்டு ஃபிஷ் எல்லாம் வளர்த்து முடித்து, இப்போது அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். கடல் மீன் வேண்டுமாம். அதிலும் வேறு யாரிடமும் இல்லாத குளிர்கடல் மீன் வேண்டுமாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐயப்பன்தாங்கல் மாதிரி ஊரில், ஒரு சாதாரண வீட்டில், குளிர்கடல் மீன் வளர்க்கக் கூடாது. காசு இருந்தாலும் கூடாது.

"கோல்டு ஃபிஷ்ஷும் குளிர்நீர் மீன்தானே, அது மட்டும் நல்லா இருக்கே?" என்று கேட்பீர்கள். கோல்டு ஃபிஷ் கெண்டை குடும்பம், நன்னீர் மீன். குளத்துத் தண்ணீர் சூடாவதும் குளிர்வதும் அதற்குப் பழக்கம். குளிர்கடல் மீன் அப்படியில்லை. அது வாழும் கடலில் வெப்பநிலை மெதுவாக, கொஞ்சமாகத்தான் மாறும்.

மீனுக்கு நம்மைப் போல உடல் சூடு தனியாகக் கிடையாது. தண்ணீர் என்ன சூடோ, மீனும் ஏறக்குறைய அதே சூடு. தண்ணீர் 10 டிகிரி ஏறினால் மீனின் உடல் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் இயங்கும். ஆக்சிஜனும் அந்த அளவுக்கு அதிகமாக வேண்டும். ஆனால் தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரி கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் சுமார் 6 தான். தேவை ஏறுகிறது, வரத்து குறைகிறது. அன்டார்டிகாவில் ஐஸ் ஃபிஷ் என்று ஒரு வகை இருக்கிறது. அதன் ரத்தத்தில் ஹீமோகுளோபினே கிடையாது, ரத்தம் சிவப்பாகவும் இருக்காது. தண்ணீர் அவ்வளவு குளிராக, அவ்வளவு ஆக்சிஜனோடு இருப்பதால்தான் அது பிழைக்கிறது.

அதனால் குளிர்கடல் மீன் வாங்குகிறவர் மீனோடு சேர்த்து ஒரு குளிர்ந்த கடலையும் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

200 லிட்டர் தொட்டி, 30 டிகிரி தண்ணீர். அதை 16 டிகிரிக்குக் கொண்டு வர வேண்டும். "ஐஸ் பாட்டில் மிதக்க விட்டால் போச்சு" என்கிறான் ஒருவன். பள்ளிக்கூடத்து இயற்பியலை வைத்தே பார்த்தால் ஒரு தடவை குளிர வைக்கச் சுமார் 30 கிலோ ஐஸ் வேண்டும். அதுவும் கரைந்த மறு நிமிடமே தண்ணீர் திரும்பச் சூடாக ஆரம்பிக்கும். சரி, சில்லர் வைக்கலாம். 200 வாட் சில்லர் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் 3 யூனிட். இரண்டு மாத பில்லில் இதற்கு மட்டும் 180 யூனிட். சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை எங்கே விடும்? நம் அறைக்குள்தான்! போதாததற்கு சென்னைப் புழுக்கத்தில் 16 டிகிரி கண்ணாடி நாள் முழுக்க வியர்த்துக் கொட்டும்.

இதெல்லாம் காசு சமாச்சாரம், சமாளித்து விடலாம் என்றே வைத்துக் கொள்வோம். கரண்ட் போனால்? 2003 மே 31-ல் சென்னையில் 45 டிகிரி அடித்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. நாம் மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வாங்கலாம். மீன் எங்கே போகும்?

மும்பை பைகுல்லா உயிரியல் பூங்காவுக்கு 2016-ல் எட்டு ஹம்போல்ட் பென்குயின்கள் வந்தன. தனிக் குளிர் அறை, மருத்துவர்கள், ஊழியர்கள் என்று ஒரு மாநகராட்சியே பின்னால் நின்றது. அப்படியும் அந்த அக்டோபரிலேயே ஒன்று இறந்து போனது. நம் வீட்டு ஹாலில் அந்த வசதியில் எத்தனை பங்கு இருக்கும்?

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு விஷயத்தில். குளிர்கடல் மீன் சூட்டில் உடனே செத்துவிடாது. கலிஃபோர்னியா கடலில் காட்டலினா கோபி என்று விரல் நீள மீன் ஒன்று உண்டு. சிவப்பு உடம்பில் நீலக் கோடுகள், அவ்வளவு அழகு. வெளிநாட்டுக் கடைகளில் இதைப் பல வருடங்களாக வெப்பக் கடல் மீன்களோடு ஒரே வரிசையில் வைத்து விற்றிருக்கிறார்கள். சூடான தொட்டியில் அது சாப்பிடும், நீந்தும். வாங்கியவருக்கும் திருப்தி. ஆனால் ஆயுள் பாதியில் முடிந்துவிடும். "சின்ன மீன், அவ்வளவுதான் இருக்கும் போல" என்று அடுத்ததை வாங்கப் போவார்கள். கண்ணுக்குத் தெரியாத சாவு என்பதால் யாருக்கும் குற்ற உணர்ச்சி வருவதில்லை.

ஊட்டியில் இருக்கும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டால் என் பதில் கொஞ்சம் மாறும். நீலகிரியில் டிரவுட் மீன் நூறு வருடத்துக்கு மேலாகப் பிழைத்திருப்பதற்குக் காரணம், குளிர் இருக்கும் இடத்துக்கு மீனைக் கொண்டு போனார்கள். மீன் இருக்கும் இடத்துக்குக் குளிரைக் கொண்டு போகவில்லை.

கடல் மீன்தான் வேண்டுமா? நம் கடல் என்ன மட்டமா? 1909-ல் மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். 1942-ல் போர்க் காலத்தில் மூடும் வரை மக்கள் அங்கே பார்த்தது நம் கரையோர மீன்களைத்தான். இன்றைக்கு மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் வந்த அதே வகைதான். அதற்கு 26, 27 டிகிரி போதும். நம் கோடையில் அதற்கே தொட்டி மேல் ஒரு ஃபேன் வேண்டியிருக்கும் என்பது தனிக் கதை :-)

கொளத்தூருக்குப் போனாலும் சரி, வேறு எங்கே போனாலும் சரி, விலை கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். "அண்ணா, இந்த மீன் எந்தக் கடல், அங்கே தண்ணீர் எத்தனை டிகிரி?" பதில் வரவில்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மீனை வாங்காதீர்கள்.