செல்லுலார் சிறையின் மறக்கப்பட்ட கைதிகள்

அந்தமான் என்றதும் நினைவுக்கு வருவது செல்லுலார் சிறையும், அங்கே விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஆங்கிலேயர் இழைத்த கொடுமைகளும்தான். அதே சிறையில் இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய ராணுவத்திடம் சிக்கிய இந்தியர்கள் பட்ட துன்பம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

1942 மார்ச் 23-ஆம் தேதி ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. ஆங்கிலேயரின் பிடி அகன்றது என்று நம்பியவர்களுக்கு அடுத்த ஆண்டே ஏமாற்றம் காத்திருந்தது. ஆங்கிலேயரின் உளவாளிகள் என்ற சந்தேகத்தின் பேரில் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். சித்திரவதையின் மூலம் பெறப்பட்ட வாக்குமூலங்களே அவர்களுக்கு எதிரான சான்றுகளாயின.

இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவரும் பஞ்சாபிக் கவிஞருமான மருத்துவர் திவான் சிங்கும் தப்பவில்லை. 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி போர்ட் பிளேருக்கு வந்து மூவர்ணக் கொடியை ஏற்றியபோது, திவான் சிங் சிறைக்குள் வதைபட்டுக் கொண்டிருந்தார். 1944 ஜனவரி 14-ஆம் தேதி அவர் அங்கேயே உயிரிழந்தார். அதே மாதம் 30-ஆம் தேதி, சிறையிலிருந்து ஹம்ஃப்ரிகஞ்சுக்குக் கொண்டு செல்லப்பட்ட 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு, குழியில் புதைக்கப்பட்டனர்.

இவர்களைக் காக்க அன்று தனியான சர்வதேச ஒப்பந்தம் எதுவும் இல்லை. 1929-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் போர்க்கைதிகளான படைவீரர்களுக்கானது. அதிலும் கையெழுத்திட்ட ஜப்பான், அதற்கு முறைப்படி ஒப்புதல் அளிக்கவில்லை. எதிரியின் பிடியில் சிக்கும் பொதுமக்களுக்கெனத் தனி ஒப்பந்தம் 1949-இல்தான் உருவானது.

அந்த ஒப்பந்தங்களை ஏற்ற இந்தியா, 1960-இல் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டத்தை இயற்றியது. கைதியைக் கொல்வோருக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று அது கூறுகிறது. ஆனால், அரசோ அரசு குறிப்பிடும் அதிகாரியோ புகார் அளித்தாலன்றி எந்த நீதிமன்றமும் வழக்கை ஏற்க முடியாது என அதன் 17-ஆவது பிரிவு தடை போடுகிறது. இச்சட்டம் தனிநபருக்குத் தனியான நிவாரணம் எதையும் தரவில்லை என்பதை, 1969-இல் கோவா தொடர்பான மான்டேரோ வழக்கில் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

1971 போரில் சரணடைந்த சுமார் 93,000 பேரைப் பராமரித்துத் திருப்பி அனுப்பிய நாடு இந்தியா. அத்தகைய நாடு, வதைபட்ட கைதியோ அவரது குடும்பத்தாரோ நேரடியாக நீதிமன்றத்தை அணுகுவதற்கு ஏன் தயங்க வேண்டும்? குற்றம் சாட்டப்பட்டது அரசின் அதிகாரியே என்றால், புகார் அளிக்கும் உரிமை அரசிடம் மட்டுமே இருப்பது நீதியாகாது.

செல்லுலார் சிறை 1979-இல் தேசிய நினைவுச் சின்னமானது. போர்ட் பிளேரின் பெயரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. பெயர் மாற்றத்துக்கு முன்வந்த மத்திய அரசு, 17-ஆவது பிரிவைத் திருத்தவும் முன்வர வேண்டும். அதுவே ஹம்ஃப்ரிகஞ்சில் மாண்டவர்களுக்குச் செலுத்தும் உண்மையான அஞ்சலியாக இருக்கும்.