கதையும் சொற்பட்டியலும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் முதற்பாடம், அயர்லாந்து எழுத்தாளர் லியாம் ஓ ஃபிளாஹர்ட்டி எழுதிய ஒரு சிறுகதை. உடன்பிறந்தவையெல்லாம் பறந்துபோன பின்னும் தன் சிறகை நம்பத் துணியாமல் பாறை விளிம்பில் தனித்து நிற்கும் கடற்காகக் குஞ்சு ஒன்று, பசியின் கொடுமை தாங்காமல், தாய் அலகில் ஏந்திவந்த மீனை நோக்கிப் பாய்ந்து, நிலைதவறி விழுந்து, விழும்போதே பறக்கக் கற்றுக்கொள்கிறது. செங்குத்தான கடற்பாறைகள் நிறைந்த ஆரன் தீவுகளில் 1896-ஆம் ஆண்டு பிறந்த ஆசிரியருக்கு அந்தக் காட்சி பிறந்த மண்ணின் காட்சியே.

இத்தகைய கதை நம் வகுப்பறைகள் பலவற்றில் என்ன கதியை அடைகிறது? குஞ்சு பறந்ததா, விழுந்ததா என்று மாணவன் அறிய ஆவல் கொள்ளுமுன்பே, அருஞ்சொற்களும் அவற்றின் அர்த்தங்களும் கரும்பலகையில் ஏறிவிடுகின்றன. பொதுத்தேர்வின் முதற்பகுதியில் இணைச்சொல்லுக்கும் எதிர்ச்சொல்லுக்கும் மதிப்பெண் உண்டு; அடிக்கோடிட்ட சொல்லை வாக்கியத்தில் வைத்தே கேட்கிறார்கள் என்பது உண்மைதான் என்றாலும், உரைநூலிலுள்ள ஜோடிகளை மனப்பாடம் செய்தவனுக்கு அவ்வாக்கியத்தைப் படிக்க வேண்டிய அவசியமே நேர்வதில்லை.

நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை மனனம் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார்கள், ஆனால் அந்த மனனம் இலக்கியத்துக்குள் புகுவதற்கு ஏற்பட்ட வாயிற்படியாக இருந்ததே தவிர, அதுவே கல்வியின் முடிவாக இருந்ததில்லை. கற்ற சொற்களைச் செய்யுள்களில் மீண்டும் மீண்டும் சந்திக்கும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்த்தது. இன்றைய மாணவனோ, தேர்வு முடிந்த மறுநாளே பட்டியலையும் பாடத்தையும் ஒருங்கே மறந்துவிடுகிறான்.

வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் கேளாத பிள்ளைகளுக்குப் பட்டியல்தான் கைகொடுக்கும் என்றும், நெரிசலான வகுப்பில் கதையை நிதானமாக நடத்த அவகாசம் ஏது என்றும் ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனினும், அந்தப் பாஷை உயிரோடு நடமாடுவதை அப்பிள்ளைகள் காணக்கூடிய இடம் வகுப்பறைக் கதை ஒன்றே என்பதனாலேயே, அதைச் சிதைக்காமல் அவர்களுக்கு அளிப்பது அதிக அவசியமாகிறது. அந்தப் பாறை விளிம்பைக் குறிக்கும் ‘லெட்ஜ்’ என்ற சொல்லைக் குஞ்சின் பயத்தோடும் பசியோடும் சேர்த்துக் கேட்ட மாணவனுக்கு, அதன் பொருளைத் தனியே உருப்போட வேண்டிய சிரமம் இராது.

ஆகவே, ஆசிரியர் முதலில் கதையை முழுவதும் உரக்க வாசித்துக் காட்டட்டும்; தெரியாத சொல்லின் பொருளை முன்பின் வாக்கியங்களைக் கொண்டு ஊகிக்க மாணவனுக்கு அவகாசம் தந்து, அவன் ஊகம் சரியா என்று பார்க்கும்போது அகராதியைத் திறக்கட்டும்; ஒரு பாடத்துக்கு நாற்பது சொற்களுக்குப் பதில் பத்துச் சொற்கள் போதும், அந்தப் பத்தையும் அவன் சொந்த வாக்கியத்தில் பிரயோகிக்கட்டும். தேர்வுத்துறையும் சொல்வள வினாக்களில் பாதியையேனும் மாணவன் முன்பின் கண்டிராத பத்தியிலிருந்து கேட்குமானால், மனப்பாடத்தின் பிரயோஜனம் தானே குறையும். வினாத்தாள் மாறாதவரை, வகுப்பறை மட்டும் மாற வேண்டுமென்று ஆசிரியரை வற்புறுத்துவது நியாயமாகாது.