பீட்சாவும் கொத்சுவும்

சென்ற மாதம் கடலூரில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காள் பெண்ணுக்குப் பதினான்காவது பிறந்த நாள். பாயசம், வடை, எலுமிச்சம்பழ சாதம் என்று அக்காள் விரல் விட்டு எண்ணிக் கொண்டிருந்தபோது, "எனக்கு அதெல்லாம் வேண்டாம். பீட்சாதான் வேணும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள் பெண். உங்கள் வீட்டிலும் இந்த வசனம் கேட்டிருக்கும். விவரிக்க வேண்டியதில்லை.

அக்காளின் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக் கொண்டிருந்தார். சிதம்பரத்துக்காரர், பேத்தியின் பிறந்த நாளுக்காகவே வந்திருந்தார். "ரொட்டி மேலே தக்காளியைத் தடவிக் கொடுக்கிறதுக்கு முந்நூறு ரூபாயா?" என்று மட்டும் கேட்டார். பேத்தி பதில் சொல்லவில்லை. அவரும் மேலே பேசவில்லை. நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று இரவு வீட்டில் கொத்சு பண்ணவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், காய் பாத்திரத்திலேயே கறுத்துக் கிடந்தது.

எனக்கோ தர்மசங்கடம். பீட்சா எனக்கும் பிடிக்கும். கொத்சுவோ, அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் மூன்று வருஷம் இருந்தவளுக்கு உயிர். யார் பக்கம் பேசுவது?

முதலில் பெண்ணின் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பீட்சாவை உலகமே விரும்புகிறதென்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து ஏழை ஜனங்களின் தெருச் சாப்பாடு அது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், மேலே தக்காளி, கொஞ்சம் பாலாடைக்கட்டி. இவ்வளவுதான். 1889-ல் மார்கரீட்டா ராணிக்காக எஸ்போசிட்டோ என்பவர் தக்காளியின் சிவப்பும், பாலாடைக்கட்டியின் வெள்ளையும், துளசி ஜாதி இலையின் பச்சையுமாக, இத்தாலியக் கொடியின் நிறத்தில் ஒன்று செய்து கொடுத்தார் என்று அந்த ஊரில் ஒரு கதை சொல்லிக் கொள்கிறார்கள். கதை எப்படியானாலும், பெயர் நிலைத்துவிட்டது.

அதன் ருசிக்கு ரசாயனமும் சாட்சி சொல்கிறது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு இவற்றோடு சேராத தனிச் சுவை ஒன்று உண்டு என்று ஜப்பானிய விஞ்ஞானி இக்கேடா 1908-ல் கண்டு சொன்னார். கடல்பாசிச் சாற்றில் கண்டது அது. பழுத்த தக்காளியிலும் முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் அதுவே நிறைந்திருக்கிறது. ஓரம் கருகிச் சிவக்கும் மணத்துக்கு வழி சொன்னவர் மயார் என்ற பிரெஞ்சுக்காரர்; 1912-ல். நம் தோசை முறுகும்போது தெருவெல்லாம் மணக்கிறதே, அதே சமாசாரம்தான். கடிக்கும்போது கயிறாக நீளுகிறதே, அது பாலில் உள்ள கேசின் என்னும் புரதத்தின் வேலை. குழந்தைகளுக்கு அந்தக் கயிறுதான் பாதி சந்தோஷம்.

ஆனால் நல்ல பீட்சா எது? இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். நேப்பிள்ஸில் விறகு அடுப்பின் சூடு 485 டிகிரி வரை போகும். வைத்தால் ஒன்றரை நிமிஷத்துக்குள் எடுத்துவிடுவார்கள். அதனால் அடி வெந்து, ஓரம் உப்பி, உள்ளே ஈரப்பசை போகாமல் இருக்கிறது. நம் வீட்டு மின்சார அடுப்பு பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். அதில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வைத்தால் ரொட்டி வறண்டு வறட்டியாகாமல் என்ன செய்யும்? சோளம், குடைமிளகாய், பன்னீர் என்று மேலே குவித்தால் அவை விடுகிற தண்ணீரில் அடி ஊறிப்போகும். குறைவாகப் போடுவதுதான் நல்ல பீட்சாவின் அடையாளம். பிறந்த நாளன்று எங்களுக்கு வந்தது மலை போல் இருந்தது, ஆறியும் போயிருந்தது. பெண் என்னவோ ரசித்துத்தான் சாப்பிட்டாள்.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கனமான இரும்பு தோசைக்கல்லைப் புகை வரக் காய வைத்துக் கொள்ளுங்கள். முதல் நாள் இரவே பிசைந்து குளிர்ப்பெட்டியில் வைத்த மாவை மெல்லியதாகத் தட்டிப் போட்டு, ஒரு பக்கம் வெந்ததும் திருப்பி, வெந்த பக்கத்தின் மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் தூவி மூடிவிடுங்கள். தக்காளியை முன்கூட்டியே சுண்டக் காய்ச்சியிருக்க வேண்டும். நேப்பிள்ஸ்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார், குழந்தைகள் ஒப்புக்கொள்வார்கள்.

மறுநாள் மாலை அத்தையைச் சிதம்பரத்தில் கொண்டுவிட நான்தான் கூடப் போனேன். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினோம். பரங்கிப்பேட்டை ஸ்டேஷன் வந்தபோது, பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே என்று, "போர்த்துக்கீசியர் 'புதுத் துறைமுகம்' என்று பெயர் வைத்த ஊர் இது, அத்தை. மிளகாயே அவர்கள் மூலமாகத்தான் பதினாறாம் நூற்றாண்டில் நம் தேசத்துக்கு வந்தது. தக்காளியும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததுதான்" என்றேன்.

"அதுக்கு முந்தி எங்க ஊர்லே சாப்பிடாமலா இருந்தாங்க?" என்றார் அத்தை.

நல்ல கேள்வி. சிதம்பரம் நடராஜருக்கு நைவேத்தியமாகும் சம்பா சாதத்தை எண்ணிப் பாருங்கள். சாதம், மிளகு, சீரகம், நெய். மிளகாய் எங்கே இருக்கிறது? அதற்குத் துணையாக வரும் கொத்சுவில் மட்டும் மிளகாய் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. கத்தரிக்காயோ நம் நாட்டுச் சரக்கு.

கிள்ளை தாண்டியதும் அத்தை தாமாகவே பேசினார். "வலக் கண்ணு சரியாத் தெரியலேம்மா. புளி கரைச்சது கெட்டியா, தண்ணியா என்று விரலாலேதான் பார்க்கிறேன். உங்க அக்காவுக்கு வேலைக்குப் போகவே நேரம் இல்லே. அந்தக் குட்டியாவது ஒரு நாள் பக்கத்திலே வந்து நின்னா என்ன?" பீட்சாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பார்த்தீர்களா?

இரண்டு நாள் சிதம்பரத்தில் தங்கிவிட்டேன். கையில் நோட்டுப் புத்தகம், ஒரு தேக்கரண்டி, ஒரு சின்னத் தராசு. அத்தை மல்லியைக் கைப்பிடியில் அள்ளினால், "இருங்க அத்தை!" என்று பறித்து நிறுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அவருக்கு ஒரே சிரிப்பு.

முறை இதுதான். மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், துளி வெந்தயம், பெருங்காயம் இவற்றை எண்ணெயில் சிவக்க வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துக் கொள்ள வேண்டும். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, கடுகு தாளித்து, கத்தரிக்காயைப் போட்டுத் தணலில் வதக்க வேண்டும். தண்ணீர் காட்டக் கூடாது. அவசரப்பட்டுத் தண்ணீர் தெளித்தால் அது கத்தரிக்காய்க் கூட்டு. காய் எண்ணெயிலேயே குழைந்ததும் மத்தால் ஒரு மசிப்பு. அப்புறம் புளிக்கரைசல், மஞ்சள், உப்பு. பச்சை வாசனை போகக் கொதித்த பிறகே பொடி. இறக்கும்போது சுண்டைக்காய் அளவு வெல்லம். வீட்டில் சின்ன வெங்காயம் சேர்ப்பவர்கள் உண்டு, கோயிலில் கிடையாது.

நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க அத்தை ருசி பார்ப்பதில்லை. ஒரு இட்டிலியின் தலையில் ஒரு கரண்டி வைப்பார். சாம்பார் மாதிரி வழிந்தோடினால் கொதி போதாது. துவையல் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தால் கொதி அதிகம். மெல்ல இறங்கி, ஓரத்தில் எண்ணெய் கசிந்து நிற்க வேண்டும்.

நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கைத்திறனை 2017-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியச் சொத்தாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பீட்சாவை அல்ல, அதைச் செய்யும் கையை. இதை அத்தையிடம் சொன்னேன். "அங்கேயும் கத்துக்கிட யாராவது பக்கத்திலே நின்னிருப்பாங்க" என்றார்.

இரண்டாம் நாள் மறுபடியும் நிறுத்தபோது எனக்குத் திக்கென்றது. முதல் நாள் எழுதியதற்கும் இதற்கும் ஒத்துப் போகவில்லை. புளி ஏறக்குறைய பாதி, வெல்லமே இல்லை! தராசில்தான் கோளாறோ என்று சந்தேகப்பட்டேன்.

"நேத்து வந்தது முத்தின காய்; கசப்பு இருந்தது. அதுக்குப் புளியும் வெல்லமும் வேணும். இன்னிக்குப் பிஞ்சு. அதுக்கு எதுக்கு?"

"கண் சரியாத் தெரியலேன்னு சொன்னீங்களே, பிஞ்சு என்று எப்படித் தெரிந்தது?"

"நறுக்கும்போது கத்தி சொல்லுமே!"

நோட்டில் இரண்டு அளவையும் எழுதி வைத்திருக்கிறேன். கத்தி என்ன சொல்லும் என்பதை மட்டும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அக்காள் பெண்ணுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்: அரைப் பரீட்சை விடுமுறைக்குச் சிதம்பரம் வா, தோசைக்கல்லில் பீட்சா பண்ணித் தருகிறேன்; கத்தரிக்காய் நறுக்குகிற வேலை மட்டும் உன்னுடையது என்று. 'சரி சித்தி, ஆனால் சீஸ் நிறையப் போடணும்' என்று பதில் வந்திருக்கிறது.