பம்பருக்கு டெண்டர்

காரில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே பாகம் ஹார்ன். இருந்தாலும் அமெரிக்க ஸ்பேர் பார்ட்ஸ் டீலர்களின் வயிற்றெரிச்சல் எனக்கே புரிகிறது.

அங்கே வண்டி இடிபட்டால் முன்பெல்லாம் பட்டறைக்காரர் தெரிந்த டீலருக்கு போன் போடுவார். 'பம்பர் ஒண்ணு வேணும்.' 'ஃபாக் லாம்ப் ஓட்டை உள்ளதா, இல்லாததா?' என்று எதிர்க்கேள்வி வரும். அந்த ஒரு கேள்வியில்தான் சார், டீலரின் மொத்த அனுபவமும் இருந்தது!

2012-ல் ஸ்டேட் ஃபார்ம் இன்ஷூரன்ஸ் கம்பெனி குறுக்கே வந்தது. தன் பட்டியலில் இருக்கும் பட்டறைகள், நியூஸிலாந்தில் பிறந்த 'பார்ட்ஸ்டிரேடர்' என்ற கம்ப்யூட்டர் சந்தையில்தான் விலை கேட்க வேண்டும் என்றது. சில ஊர்களில் வெள்ளோட்டம். அப்புறம் நாடு பூரா. ஒரே பம்பருக்கு டீலர்கள் போட்டி போட்டு விலை சொல்ல வேண்டும். சந்தைக்குச் சந்தாவும் அவர்கள் தலையில்! பழைய வாடிக்கைக்கே விற்க நடுவில் ஒரு சுங்கச்சாவடி.

கம்பெனி சொன்ன நியாயம்: வேகம், ஒளிவுமறைவில்லாத விலை. வாஸ்தவம்தான். கிளெய்ம் பணம் தருகிறவர் கணக்குப் பார்க்க மாட்டாரா? பிரீமியம் கட்டுகிறவர் வயிற்றிலும் கொஞ்சம் பால் வார்க்க வேண்டாமா?

ஆனால் மலிவாகக் கிடைத்த பம்பர் பொருந்தாமல் போனால்? அது திரும்பிப் போய், வேறு வரும்வரை கார் பட்டறையில் படுத்துக் கிடக்கும். சொந்தக்காரர் யாரிடமாவது லிஃப்ட் கேட்டு ஆபீஸ் போவார். அவர் பட்ட அவஸ்தை எந்த விலைப்பட்டியலிலும் ஏறாது.

விலையை ஒப்பிடக் கம்ப்யூட்டர் போதும். 'ஓட்டை உள்ளதா, இல்லாததா?' என்று கேட்கிற வாய்க்கும் அதில் ரெண்டு டாலர் ஒதுக்குங்கப்பா!