கோப்பை வாங்கிய அணி எங்கே போனது?

இந்தியாவிலேயே முதல் இடம் பிடித்தது ஒரு தமிழ்நாட்டுக் கால்பந்து அணி. இரண்டே ஆண்டில் அது காணாமல் போய்விட்டது!

ஆட ஆள் கிடைக்கவில்லையா? இல்லை. பார்க்க ஜனங்கள் வரவில்லையா? அதுவும் இல்லை. பிறகு ஏன்?

தென்காசி, குற்றாலம் பக்கத்து மக்களுக்கு இது எளிதில் புரியும். ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் தொடங்குகிறது. பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது. லாட்ஜுகளில் இடம் கிடைப்பதில்லை. சிப்ஸ் கடைகளில் கூட்டம் நெரிகிறது. ஆகஸ்டு போனதும் கூட்டம் கரைந்துவிடுகிறது. அந்த மூன்று மாத வருமானத்தை வைத்து மற்ற மாதங்களைத் தள்ளத் தெரிந்தவர்தான் அங்கே கடை வைத்துப் பிழைக்க முடியும்.

கால்பந்து அணிக்கும் அப்படி ஒரு சீசன் உண்டு. பணம் அருவி மாதிரி கொட்டும். திடீரென்று நின்றுவிடும். நின்ற பிறகு என்ன செய்வது? அதற்கு வழி தெரியாமல் போன அணியின் பெயர், சென்னை சிட்டி.

பெயர் சென்னை, ஊர் கோவை!

1946-ல் தொடங்கியதாக அந்த அணி தன் வரலாற்றைச் சொல்லும். பல ஆண்டுகள் சென்னை நகரப் போட்டிகளில்தான் ஆடிக்கொண்டு இருந்தது. 2016 டிசம்பரில் அதற்கு யோகம் அடித்தது. "ஐ லீக்" என்ற அகில இந்தியப் போட்டியில் ஆட அனுமதி கிடைத்தது.

லீக் போட்டி என்றால், ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் இரண்டு தடவை மோத வேண்டும். ஒரு தடவை சொந்த ஊரில். இன்னொரு தடவை எதிராளி ஊரில். ஜெயித்தால் 3 புள்ளி. சமமாக முடிந்தால் 1 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை.

முதல் ஆண்டு 10 அணிகளில் 8-வது இடம். இரண்டாவது ஆண்டும் அதே 8-வது இடம். இதற்குள் அணி கோவைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பெயர் மட்டும் சென்னை என்றே இருந்தது. வீட்டை மாற்றியவர் கதவில் பழைய விலாசத்தையே மாட்டி வைத்தது போல!

மூன்றாவது ஆண்டு நிலைமை அடியோடு மாறியது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். ஸ்பெயின் நாட்டில் ஆடிவந்தவர்கள் சிலரை அணியில் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவரான பெட்ரோ மான்சி, அந்த ஒரே பருவத்தில் 21 கோல் அடித்தார். எட்வின், ரொமாரியோ போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள் அவர்களோடு தோளோடு தோள் நின்று ஆடினார்கள்.

பட்டம் யாருக்கு என்பது கடைசி நாள்தான் தெரிந்தது. 2019 மார்ச் 9. சென்னை சிட்டி ஜெயித்தால் பட்டம். தவறினால், ஒரே ஒரு புள்ளி பின்னால் வரும் கல்கத்தா அணி ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போகும்.

கோவை நேரு ஸ்டேடியத்தில் பஞ்சாப் அணியான மினர்வாவுடன் ஆட்டம். 3-வது நிமிடத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டது! ஸ்டேடியம் வாயடைத்துப் போனது. பாதி நேரம் வரை அதே நிலை. பிறகு மான்சி பெனால்டியில் ஒரு கோல் போட்டார். அப்புறம், கோல் போடுவது தன் வேலையே இல்லாத பின்வரிசை ஆட்டக்காரர் கவுரவ் போரா, இரண்டு கோல் போட்டார். 3-1 என்று வெற்றி! கோழிக்கோட்டில் அதே நேரம் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. பலன் இல்லை. 43 புள்ளிக்கு 42 புள்ளி.

ஐ லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

மகுடம் சிறுத்தது

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். இந்தியாவில் அப்போது இரண்டு லீக் இருந்தன. ஒன்று ஐ லீக். மற்றொன்று 2014-ல் பெரிய முதலாளிகளும் சினிமா, கிரிக்கெட் பிரமுகர்களும் சேர்ந்து தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக். சென்னையின் எப்.சி. என்ற அணி ஆடுவது அதில்தான். 2015-லும், 2017-18 பருவத்திலும் அது கோப்பை வாங்கியிருக்கிறது.

எது பெரிய லீக் என்ற வழக்கு பல ஆண்டு இழுத்தது. 2019-ல் முடிவு வந்தது. சூப்பர் லீக்தான் முதல் பிரிவு என்றார்கள். ஐ லீக் இரண்டாம் பிரிவு ஆனது. மார்ச் மாதம் வாங்கிய பெரிய கோப்பை, ஆண்டு முடிவதற்குள் சின்னக் கோப்பை ஆகிவிட்டது! சரி, மறுபடியும் ஜெயித்து மேலே போகலாமா என்றால், அந்தக் கதவும் உடனே திறக்கவில்லை. ஐ லீக்கில் ஜெயித்தவர் சூப்பர் லீக்குக்குப் போகும் வழி 2022-23 பருவத்தில்தான் வந்தது. அந்த வழியாக முதலில் மேலே போனது யார் தெரியுமா? கோவையில் தோற்ற மினர்வா அணிதான். அது கைமாறி, பெயர் மாறி, பஞ்சாப் எப்.சி. என்று 2023-ல் சூப்பர் லீக்கில் கால் வைத்தது.

சுவிட்சர்லாந்தில் புகழ்பெற்ற பாசல் கால்பந்து கிளப், சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆசிய அளவிலான கிளப் போட்டிக்கும் தகுதி கிடைத்தது. 2020 ஜனவரியில் பக்ரைன் நாட்டு அணியுடன் ஆட்டம். அது சொந்த ஊர் ஆட்டம். ஆனால் நடந்தது குஜராத் மாநிலம் அகமதாபாத்தில்! கோவை ரசிகர் எங்கே, அகமதாபாத் எங்கே? 0-1 என்று தோல்வி.

பிறகு கொரோனா வந்தது. அடுத்த ஐ லீக் முழுவதும் கல்கத்தா பக்கத்திலேயே நடந்தது. ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. 2021-22 பருவத்துக்கான பட்டியல் வந்தபோது அதில் சென்னை சிட்டி பெயர் இல்லை.

எந்த ஊரிலும் ஊர்வலம் போகவில்லை. எந்த ஊர் அழுவது? சென்னைக்கு அது போய்விட்ட அணி. கோவைக்கு அது வந்து தங்கிய அணி.

ஜப்பானில் ஒரு தென்காசி

இதே மாதிரி ஒரு சங்கடம் ஜப்பானில் தோசு என்ற ஊருக்கும் வந்தது. அது தென்காசி அளவே உள்ள ஊர். 2011 கணக்குப்படி தென்காசி நகரத்தின் ஜனத்தொகை 70 ஆயிரத்துச் சொச்சம். தோசுவில் சுமார் 74 ஆயிரம். தென்காசியில் நெல்லை, விருதுநகர், செங்கோட்டை ரெயில் பாதைகள் சேருவது போல, தோசுவும் பாதைகள் பிரியும் சந்திப்பு. ரெயிலை விட்டு இறங்கினால் எதிரிலேயே கால்பந்து ஸ்டேடியம். அதில் சுமார் 24 ஆயிரம் பேர் உட்காரலாம். ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கு இடம்!

ஜப்பானில் தொழில்முறைக் கால்பந்து லீக் 1993-ல் 10 அணிகளுடன் தொடங்கியது. அங்கே ஒரு கண்டிப்பு உண்டு. அணியின் பெயரில் கம்பெனி பெயரை வைக்கக் கூடாது. ஊர்ப் பெயர் இருக்க வேண்டும். அந்த ஊரே அணிக்குத் தாய்வீடு. 2024-ல் மூன்று பிரிவுகளாக 60 அணிகள் ஆகிவிட்டன.

தோசுவின் முதல் அணியும் வந்தேறிதான். ஹமமட்சு என்ற ஊரில் இருந்த அணி 1994-ல் அங்கே குடிவந்தது. பணம் போட்ட கம்பெனி சில ஆண்டில் கையை விரித்தது. 1997 ஜனவரியில் அணி கலைந்தது. இதுவரை, சென்னை சிட்டியின் கதை மாதிரியே இருக்கிறது அல்லவா?

ஆனால் தோசு மக்கள் சும்மா இருக்கவில்லை. தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கினார்கள். லீக் நிர்வாகத்திடம் மன்றாடினார்கள். அடுத்த மாதமே புது அணி பிறந்தது. பெயர் சாகன் தோசு. சாகன் என்றால் மணற்கல். மணல் துகள்கள் ஒவ்வொன்றும் சிறியவை, சேர்ந்து இறுகினால் கல் ஆகும் என்று பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள்.

அந்த அணி 1999-ல் இரண்டாம் பிரிவில் சேர்ந்தது. அங்கேயே 13 ஆண்டு கிடந்தது. 2012-ல் முதல் பிரிவுக்கு ஏறியது. ஏறிய ஆண்டே 5-வது இடம்! உலகக் கோப்பை வாங்கிய ஸ்பெயின் வீரர் டோரஸ் 2018-ல் அங்கே ஆட வந்தார். அதுவும் ஒரு சீசன் வெள்ளம்தான். 2019 கணக்கில் சுமார் 200 கோடி யென் நஷ்டம் என்று தெரிந்தபோது ஊர் திகைத்தது. 2024-ல் அணி மறுபடியும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

இறங்கியது, ஆனால் கலையவில்லை. 2025-லும் அதே ரெயிலடி ஸ்டேடியத்தில் ஆடியது.

பாண்டியன் போட்ட கும்பிடு

தென்காசிக்காரர்கள் இந்த விஷயத்தைக் கோவில் கல்வெட்டிலேயே பார்க்கலாம். காசி விசுவநாதர் கோவிலைக் கட்டியவர் பராக்கிரம பாண்டியன். காலம் 15-ம் நூற்றாண்டு. இந்தக் கோவிலில் பிற்காலத்தில் ஏதாவது குறை வந்தால் அதைச் சரிசெய்கிறவர்கள் எவரோ, அவர்களைப் பணிவதாக அந்த ராஜா கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். ராஜா கும்பிட்டது, பின்னால் வந்து பராமரிக்கப் போகும் முகம் தெரியாத ஜனங்களை! இடிந்து கிடந்த ராஜகோபுரம் 1990-ல் மறுபடியும் எழுந்து நின்றது.

சென்னை சிட்டிக்குக் கட்டியவர்கள் இருந்தார்கள். பராமரிக்கும் உரிமையை யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை. ரசிகர் டிக்கெட் வாங்கலாம், கைதட்டலாம், அவ்வளவுதான். இது அந்த முதலாளிகளின் குற்றம் மட்டும் அல்ல. கைப்பணத்தைப் போட்டு அணி நடத்தியவர்களுக்கு, டெலிவிஷன் வருமானத்தில் சொல்லும்படி பங்கும் இல்லை, மேலே ஏற வழியும் இல்லை. எத்தனை நாள் தாங்குவார்கள்?

பெரிய முதலாளிகளே தாங்கவில்லை என்பது 2025-ல் வெளிச்சமானது. சூப்பர் லீக்கை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபறி ஆனது. ஜூலையில் போட்டியை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எப்.சி. தன் வேலைகளை எல்லாம் நிறுத்துவதாக அறிவித்தது. அணி எப்போது ஆடும் என்று அணிக்கே தெரியாத நிலை.

இதில் அடிபடுவது ஆட்டக்காரர்களின் குடும்பம். குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை கடற்கரை கிராமத்தில் பிறந்தவர் மைக்கேல் சூசைராஜ். மீனவர் ஊர்ப் பையன். சென்னை சிட்டியில்தான் நாடு அவரைப் பார்த்தது. 2018-ல் ஜாம்ஷெட்பூர் அணி அவரை அழைத்துக்கொண்டது. அடுத்து கல்கத்தா அணி. 2019-20 சூப்பர் லீக் கோப்பையை வாங்கியது அந்தக் கல்கத்தா அணிதான். அப்படி ஏறிப் போக அவருக்கு முதல் படி கிடைத்தது. இப்போது பள்ளிக்கூட மைதானத்தில் பந்து உதைக்கும் தென்காசிப் பையனுக்கு அந்தப் படி இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2024-ல் கேரளத்தில் மாநில அளவில் தனியாக ஒரு சூப்பர் லீக் தொடங்கினார்கள். கண்ணூர் முதல் திருவனந்தபுரம் வரை 6 அணிகள். எல்லாம் ஊர்ப் பெயர்கள். அவை எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பது இனிமேல்தான் தெரியும். தென்காசியில் இருந்து திருவனந்தபுரம் சுமார் 100 கிலோ மீட்டர். செங்கோட்டையைத் தாண்டி, ஆரியங்காவு மலைப்பாதை வழியாகப் பஸ் போகிறது.