மங்கிய காடிக்கு மறுபடியும் மினுக்கம்

பெம்பானிலிருந்து ஒரு தம்பி எழுதிய கடிதத்துக்கு இம்முறை பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஒரு சிவப்புச் சாகா நிற்கிறதாம். அப்பா பால்மரம் சீவிச் சேர்த்த பணத்தில், ஒருவர் ஓட்டி விற்ற காடியாக வாங்கியது. இப்போது கூரையும் முன்மூடியும் வெளுத்து, திருநீறு பூசினாற்போல் இருக்கின்றன. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மணமக்கள் கோயிலிலிருந்து இந்தக் காடியில்தான் வீட்டுக்கு வரவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பட்டறையில் கேட்டால் முழுக்கச் சுரண்டிப் புதுச் சாயம் அடிக்க வேண்டும் என்கிறார்கள். அது ஆயிரக்கணக்கான வெள்ளி. பக்கத்து வீட்டுக்காரரோ பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்கிறார். “வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா அண்ணே?” என்று கேட்டிருக்கிறார்.

முடியும் தம்பி. ஆனால் எல்லாச் சாயத்துக்கும் முடியாது. அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய இரும்புக்காரரிடம் அனுப்புமுன் ஒரு விஷயம். புரோட்டோன் நிறுவனம் 1983-ல் தொடங்கப்பட்டு, 1985 ஜூலை 9-ஆம் நாள் முதல் சாகாவை வெளியிட்டது. ஜப்பானிய மிட்சுபிஷி லான்சர் காடியை ஒட்டி ஷா ஆலாமில் உருவான காடி அது. சாகா என்பது நம் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் சிவப்பு விதையின் பெயர், தமிழில் ஆனைக்குன்றிமணி. மழையில் கிடந்தாலும் மண்ணில் புரண்டாலும் அந்த விதையின் சிவப்பு போவதில்லை. காடியின் சிவப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை! நாற்பது ஆண்டைத் தொட்டுவிட்ட அந்த முதல் வார்ப்புச் சாகாவை இன்று தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் அடித்த சாயம் அப்படியே இருந்தால் அவர்களிடம் மதிப்பு அதிகம்.

சாயம் ஏன் மங்குகிறது? சாயத்தில் நிறத்தூளும், அதைப் பிடித்து வைக்கும் பிசினும் இருக்கின்றன. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் காற்றும் மேலே உள்ள பிசினை அரித்துவிடும். பிடிமானம் இழந்த தூள் சுண்ணாம்புபோல் மேலே நிற்கும். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், மலாக்கா வெயிலில் நிற்கிற காடிக்கு இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கூரையும் முன்மூடியும் முதலில் போகும், கதவுகள் பிறகு. அதிலும் சிவப்புதான் எளிதில் வெளுக்கும்.

அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணியும் டிரெசரும் ஓட்டிய மோரிஸ் மைனர் போன்ற காடிகளுக்கு நிறச்சாயமே மேல்பூச்சு. பின்னால், எண்பதுகளில், நிறத்தின்மேல் கண்ணாடிபோல் நிறமற்ற ஒரு பூச்சு அடிப்பது பரவியது. தம்பியின் காடி எந்த வகை? கதவின் கீழ்ப்புறம், கண்ணில் படாத இடத்தில், வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணி சிவந்தால் பழைய வகை, பயமில்லை, பிழைக்கும். துணி நிறம் மாறாவிட்டால் மேலே நிறமற்ற பூச்சு இருக்கிறது. அது வெறுமே மங்கியிருந்தால் பாலிஷ் கேட்கும். பாம்புச் சட்டைபோல் உரிந்து, ஓரம் வெள்ளையாகத் தெரிந்தால் எந்தப் பாலிஷும் அதை ஒட்டாது. அப்போது உரிந்த பகுதிக்கு மட்டும் சாயம் அடிக்கச் சொல்லுங்கள். முழுக் காடிக்கும் வேண்டாம்.

துணி சிவக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

காலை வெயில் ஏறுமுன் நிழலில் வேலையைத் தொடங்குங்கள். முன்மூடியில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் காடிச் சவர்க்காரத் தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே சவர்க்காரத்தில் முக்கவேண்டும். தோட்டத்துச் செம்மண் தூசி துணியில் ஒட்டியிருந்தால் அது உப்புத்தாள் மாதிரி கீறிவிடும்.

கழுவித் துடைத்த பின் கையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டுச் சாயத்தை மெல்லத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். மரப்பிசின், தார்த்துளி, இரும்புத் தூள் எல்லாம் ஒட்டிக் கிடக்கும். காடிச் சாமான் கடையில் இதற்கென்றே களிமண் கட்டி விற்கிறார்கள். சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் வழுக்கவிட்டால் போதும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் தூக்கி எறியுங்கள். காசு போகிறதே என்று எடுத்துத் தேய்த்தால் மணலால் தேய்த்த மாதிரிதான்.

இனிப் பாலிஷ். இங்கேதான் அவசரம் ஆகாது. தொழிற்சாலையில் அடித்த பூச்செல்லாம் சேர்ந்தும் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். தேய்க்கத் தேய்க்க அதில் கொஞ்சம் குறையும். துணியில் வருகிற சிவப்பு உங்கள் காடியின் சாயமேதான். ஆகவே முதலில் நைசான பாலிஷ். கரடுமுரடான காம்பவுண்டை எடுத்ததும் தொடாதீர்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. வெகுவாகக் காய்ந்துபோன சாயத்துக்கு எண்ணெய்ப் பசை அதிகமுள்ள, அரம் இல்லாத பாலிஷை நிறையத் தடவி ஓர் இரவு விட்டுவைப்பது பழைய காடிக்காரர்களின் வழக்கம். காய்ந்த சாயம் அதை உறிஞ்சிக்கொள்ளும்; மறுநாள் தேய்ப்பைத் தாங்கும்.

ரப்பர் ஓரங்களையும் கறுப்புப் பிளாஸ்டிக்கையும் சாயக்காரர் வைத்திருக்கும் காகித டேப்பால் மூடிக்கொள்ளுங்கள். முன்மூடியின் விளிம்பு, கதவின் மடிப்புக் கோடு ஆகியவற்றையும் மூடுங்கள். அங்கே சாயம் மெல்லியது, சீக்கிரம் தகரம் தெரிந்துவிடும். (கல்யாண ரிப்பனை ஒட்டுகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள்: பழைய சாயத்தில் செலோ டேப் ஒட்டினால் பிய்க்கும்போது சாயமும் வரலாம். கைப்பிடியில் கட்டட்டும்.)

ஈரப் பஞ்சில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து, இரண்டடிச் சதுரம் அளவுக்கு மட்டும் தேய்த்து, காய்ந்து இறுகுமுன் சுத்தமான மெல்லிய துணியால் துடையுங்கள். பிறகு அடுத்த சதுரம். ஒரு முன்மூடிக்கே பாதி நாள் ஆகும், தோள் வலிக்கும். இரண்டு தடவை செய்தும் வெளுப்புப் போகாத இடத்தில் மட்டும் காம்பவுண்ட் போட்டு, அதன்மேல் மறுபடியும் நைசான பாலிஷ் போடுங்கள். மின்சார இயந்திரம் இரவல் கிடைத்தாலும், ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் வகை பழகாத கைக்கு ஆபத்து. ஓரிடத்தில் சற்று நின்றால் சாயம் சூடேறிக் கருகிவிடும்.

மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் வைத்தியம் சொல்ல ஊரில் ஆள் உண்டு. தடவிய அன்று பளபளக்கும், மறுநாள் தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பற்பசை சின்னக் கீறலுக்கு ஒருவேளை உதவலாம். கூரை முழுவதற்கும் எத்தனை குழாய் வாங்குவது?

பாலிஷ் போட்ட சாயத்தை மெழுகில்லாமல் விட்டால் வெயில் மறுபடியும் தின்னத் தொடங்கும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கர்னோபா மெழுகு கலந்தது பழைய சிவப்புக்கு நல்ல ஆழம் தரும். மெல்லியதாகப் பூசி, புகைபோல் காய்ந்ததும் துடைக்க வேண்டும். தடித்துப் பூசினால் துடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மழை பெய்யும்போது பாருங்கள்: தண்ணீர் முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. பரவி வழிந்தால் மறுபடியும் பூசும் காலம் வந்துவிட்டது. நம் வெயிலுக்கும் மழைக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும்.

சாயம் கொப்புளித்துக் கீழே பொருபொருவென்றிருந்தால் அது துரு. பாலிஷ் அதை மறைக்காது. சக்கர வளைவிலும் கதவடியிலும் தட்டிப் பாருங்கள். அந்த இடத்தைப் பட்டறையில் காட்டத்தான் வேண்டும். செலவு செய்வதென்றால் அதற்குச் செய்யுங்கள் என்பேன்.

பிறகு காடியை எங்கே நிறுத்துவது? பால்மரத்தடியில் வேண்டாம், காய் வெடிக்கும் காலத்தில் கொட்டை தெறித்துக் கூரையில் ‘டக்’கென்று விழும். மாமரத்தடியில் பிசினும் பறவை எச்சமும். எச்சத்தை அன்றே ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிடுங்கள். காய்ந்தால் சாயத்தில் தழும்பு விழும். கித்தான் போட்டு இறுகக் கட்டினால் உள்ளே ஈரம் புழுங்கும். நாலு கம்பு நட்டுத் தகரமோ அத்தாப்போ போட்ட திறந்த கொட்டகை போதும். முன்கண்ணாடிக்குக் கீழே காற்றுப் போகும் சந்தில் சருகு அடைந்திருந்தால் வாரந்தோறும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் தேங்கித் துருவேறுவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.